கௌதாரி கேட்க மறந்தது

முன்னொரு காலத்தில், யானைகள் மற்றவர்களின் குறை கேட்ட காலத்தில், ஒரு காட்டில் செங்காலன் என்றொரு கௌதாரி இருந்தது. வேடனிடம் அகப்பட்டு, அரண்மனைக் கூண்டில் கொஞ்ச காலம் வளர்ந்து, தப்பி வந்த கௌதாரி அது. அரசவைப் புலவர்கள் பேசியதையெல்லாம் கூண்டுக்குள்ளிருந்தே கேட்டிருந்தது. அதனால் தன்னைப்போலப் பேச இந்தக் காட்டில் ஆளே இல்லை என்று நம்பியது. மற்றக் கௌதாரிகளும் நம்பின. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் கோடையில் மேற்கே இருந்த குளம் வற்றிவிட்டது. யானைக்கூட்டம் கிழக்குக் குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. திரும்பிப் போகும் வழியெல்லாம் புல்வெளி, புல்வெளியெல்லாம் கௌதாரிக் கூடுகள். தரையில் முட்டையிடும் பறவை வேறு எங்கே போகும்? யானைகளோ புதுப்புல் தேடி நாளுக்கு ஒரு தடத்தில் நடக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த பெண்யானை தண்ணீர் குடிக்கும்போது, குறை உள்ளவர்கள் எதிர்ப்பாறையில் நின்று சொல்லலாம். அது குடித்து முடித்துத் துதிக்கையை உயர்த்திவிட்டால் பேச்சு முடிந்தது.

முதல் நாள் செங்காலன் பாறையில் ஏறியது. "மலைபோன்ற மேனியும் முறம்போன்ற செவியும் படைத்த தாயே, தாய்க்கு வலப்புறம் நிற்கும் தங்கையே, தங்கைக்கு வலப்புறம் நிற்கும் தங்கையின் மகளே" என்று ஒவ்வொரு யானைக்கும் வணக்கம் சொன்னது. சிரிக்காதீர்கள், உங்கள் ஊர்க் கூட்டங்களில் நடக்காததா? வணக்கம் பாதி யானைகளைக்கூடத் தாண்டவில்லை, துதிக்கை உயர்ந்துவிட்டது. அன்று புல்வெளி ஓரத்துக் கூடுகள் நசுங்கின. பக்கத்துக் கௌதாரி சாம்பியின் கூடும் அதில் போனது.

செங்காலன் வருந்தியதா? வருந்தியது. மீதி வணக்கத்தைச் சொல்ல விடவில்லையே என்று வருந்தியது. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

இரண்டாம் நாள் வணக்கத்தைச் சுருக்கியது. அப்பாடா என்று நினைக்காதீர்கள். மிச்சமான நேரத்தில் ஒரு கதை சொன்னது, ஒரு பாட்டுப் பாடியது, ஓர் உவமை சொல்லி அந்த உவமைக்கு விளக்கமும் சொன்னது. யானைகள் காதை ஆட்டி ஆட்டி ரசித்தன. "இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்" என்றபோது துதிக்கை உயர்ந்தது. நடுப்புல்வெளிக் கூடுகளும் போயின. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வது?

செங்காலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தது. "யானைங்க எப்படி ரசிச்சது பார்த்தியா?" என்று மனைவி புள்ளியிடம் கேட்டது.

புள்ளி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. "பார்த்தேன். அதுங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

செங்காலன் யோசித்தது. "அதுக்குள்ள நேரம் ஆயிடுச்சு."

"நாளைக்கும் ஆயிடும். மிச்சம் இருக்கிறது நம்ம கூடு ஒண்ணுதான். யானை வந்தாலும் நான் இதை விட்டு எழுந்திருக்க மாட்டேன். நீங்க சாவகாசமா பேசிட்டு வாங்க" என்று புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மூன்றாம் நாள் பாறையில் ஏறிய செங்காலனுக்குப் புள்ளி சொன்னதே நினைவில் நின்றது. வணக்கம் வரவில்லை, பாட்டு வரவில்லை, உவமையும் வரவில்லை. எதிரே மூத்த யானையின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி நின்றது. முந்தைய நாட்களிலும் அது அங்கேதான் நின்றது. செங்காலன் இன்றுதான் அதைப் பார்த்தது.

"தாயே, நீங்க உங்க குட்டியைக் கால்களுக்கு நடுவுல வச்சுக் காப்பாத்துறீங்க. என் மனைவி எங்க முட்டைகளை வயித்துக்கு அடியில வச்சிருக்கா, நீங்க போற வழியில. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வேற வழியாப் போங்க."

யானை குடிப்பதை நிறுத்தியது. "கூடு எந்தப் பக்கம்?"

"பெரிய புத்துக்குத் தெக்கே."

"சரி, நாங்க வடக்கே போறோம். நேத்தும் முந்தாநாளும் எங்களைப் புகழத்தான் நீ வந்தேன்னு நினைச்சோம். கூடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

யானைகள் வடக்கே போயின. புள்ளி பிழைத்தது, முட்டைகளும் பிழைத்தன. கௌதாரிகள் செங்காலனைச் சூழ்ந்துகொண்டு பாராட்டின. சாம்பி மட்டும் பாராட்டவில்லை.

"இவ்வளவு சின்னப் பேச்சா அது? இதை முதல் நாளே பேசியிருந்தா என் முட்டை இருந்திருக்குமே" என்றது.



ஆகவே கேளுங்கள், மேடை ஏறுகிறவர்களே: எதிரே இருப்பவரைப் பார்த்து, சொல்ல வந்ததை முதலில் சொல்கிறவர் பேச்சுதான் எடுபடும்.