எச்சில் சொன்ன சேதி

தையல் கம்பெனி ஒன்றுக்குக் கையடக்கமாக ஒரு கருவி வந்து சேர்ந்தது. காகிதக் குச்சியை எச்சிலில் தொட்டுச் செருகினால் போதும், மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கிற ஹார்மோன் எவ்வளவு என்று சொல்லிவிடும். அளவு மீறினால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை.

தையல் கூடத்தில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் சிவப்பு. நாலு மணிக்கு முதலாளி பார்க்க வருகிறார்.

மேனேஜர் கஜபதி, டீ கொண்டுவரும் செங்கமலத்தின் மேல் பாய்ந்தார். "உன் டீயாலதான் இப்படி ஏறுது! நாலு மணிக்குள்ள எல்லாருக்கும் பச்சை வரணும். இல்லேன்னா நாளையிலிருந்து கேட்டுக்குள்ள கால் வைக்காதே!"

"வர வெச்சிடலாம் சார். அதுவரைக்கும் நீங்க குடோன்லயே உக்காந்திருக்கணும்."

நாலு மணிக்கு நாற்பது பேருக்கும் பச்சை. முதலாளி கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீயில அப்படி என்னம்மா போட்டே?"

"எப்பவும் போடற இஞ்சிதாங்க. கூடவே ஒரு சேதி சொன்னேன். மேனேஜர் சாரை வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னு."

குடோனிலிருந்து கஜபதி ஓடிவந்தார். "பொய் சார்! சுத்தப் பொய்!"

முதலாளிக்கு ஆவல் தாங்கவில்லை. கஜபதியைக் கூடத்தின் நடுவில் கால் மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, மறுபடி சோதித்தார். வரிசையாகச் சிவப்பு.

"அப்ப நீ சொன்னது பொய்தானேம்மா?"

"நான் சொன்ன வரைக்கும் பொய்தாங்க," என்றாள் செங்கமலம். "நீங்க சொல்லிட்டா உண்மையாயிடும்."