கால் முறியட்டும் என்று வந்த வாழ்த்து

இங்கிலாந்தில் 'பிரேக் எ லெக்' என்றொரு சொற்றொடர் வாழ்ந்து வந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காலை உடைத்துக்கொள்' என்றுதான் வரும். ஆனால் அங்கே யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. மேடை ஏறப் போகிறவர்களின் காதில் அதைப் போடுவார்கள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே மேடைக்குப் போவார்கள்.

ஒரு மாசி மாதத்து மாலையில், ஹெலன் என்ற நாடக நடிகை அதைத் தஞ்சாவூருக்கு அனுப்பினாள். அங்கே அவளுடைய தோழி பூங்கோதை கரகம் ஆடுகிறவள். போன வருஷம் படியில் வழுக்கிக் கால் முறிந்து, பதினோரு மாதம் வீட்டோடு இருந்தவள். அன்றைக்குத்தான் மறுபடியும் ஆடப் போகிறாள்.

பிரேக் எ லெக் பூங்கோதையின் செல்போனுக்குள் குதித்ததும், அங்கே மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த அகராதி அதை வழிமறித்தது.

"என்னைப் பிரிக்காதீங்க ஐயா. சேர்ந்திருந்தாத்தான் நான் நானா இருப்பேன்."

"பிரிச்சுப் பார்க்கிறதுதான் என் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு, அகராதி அதைத் துண்டு துண்டாக்கித் திரையில் எழுதியது: உன் கால் முறியட்டும்.

பூங்கோதை அதை இரண்டு தடவை படித்தாள். கையிலிருந்த சலங்கையைக் கீழே வைத்தாள்.

"வேலாயுதண்ணே, நான் ஆடல. ஹெலன் வாயிலேருந்தே இப்படி வந்திருக்கு."

தவில்காரர் வேலாயுதம் தோளில் மாட்டிய தவிலை இறக்கி வைத்தார். வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

செல்போனின் ஓரத்தில் உட்கார்ந்து பிரேக் எ லெக் அழுதது. அப்போது வேலாயுதத்தின் நாக்கு நுனியிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் வாயில் வெகுகாலமாகக் குடியிருக்கும் 'பிச்சு உதறு'தான் அது.

"ஏன் அழுவுற?"

"நல்லது சொல்லத்தான் வந்தேன். சாபமாப் போயிட்டேன்."

"இதுக்கா? என் பேரைக் கேளு. பிச்சு உதறு. இதைவிடவா உன் பேரு மோசம்? வா என்கூட."

இரண்டும் பூங்கோதையின் முன்னால் போய் நின்றன.

"ஏம்மா, நீ ஆடப் போறப்பல்லாம் அண்ணன் என்னைத்தானே சொல்லி அனுப்புவாரு. ஒரு நாளாவது எதையாவது பிச்சிருக்கியா?" என்று கேட்டது பிச்சு உதறு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லையே."

"என்னைக் கேட்டா உனக்கு என்ன தோணும்?"

"அண்ணன் பின்னாலயே இருக்காரு, பயமில்லேன்னு தோணும்."

"இதுவும் என்னை மாதிரிதான். பேச்சு முரடு, மனசு தங்கம். கண்ணு பட்டுடக் கூடாதேன்னு அந்த ஊர்ல தலைகீழா வாழ்த்துறாங்களாம்."

பிரேக் எ லெக் தயங்கித் தயங்கிச் சொன்னது: "நீங்க நல்லா ஆடணும்னு ஹெலன் காலையிலேருந்து தவிச்சுக்கிட்டு இருக்காங்க. அதைத்தான் கொண்டாந்தேன்."

பூங்கோதை குனிந்து சலங்கையைக் கட்டினாள்.

முதலில் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைத்தாள். தவில் சூடேறியது. கரகம் தலையில் நிமிர்ந்து நிற்க, அவள் சுழன்றாள். முறிந்தது எந்தக் கால் என்பது பத்தே நிமிஷத்தில் அவளுக்கே மறந்துபோனது. கூட்டத்தில் யாரோ துண்டை எடுத்து வீசினார்கள். வேலாயுதம் அடித்த அடியில் தவிலைவிட அவர் முகம்தான் அதிகம் பளபளத்தது.

ஆடி முடித்ததும், வேர்வையைக்கூடத் துடைக்காமல் பூங்கோதை ஹெலனுக்குச் செய்தி அனுப்பினாள்: "பிச்சு உதறிட்டேன்."

பிச்சு உதறு தஞ்சாவூர் எல்லையைத் தாண்டியதே கிடையாது. அதற்குக் கை கால் உதறியது.

"அங்கேயும் ஒரு அகராதி இருக்குமே?"

"இருக்கு" என்று அதன் கையைப் பிடித்துக்கொண்டது பிரேக் எ லெக். "அந்தப் பக்கமே போக வேண்டாம். ஹெலன் சிரிக்கிற பக்கமா உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."