நிரம்பிய அணைக்கு ஒரு கிடா

அணை முதல் தடவையாக நிரம்பிவிட்டது. பூவுலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மாலை போட்ட கிடாவை நீளக் கயிற்றில் இழுத்துக்கொண்டு, கரையோரக் குடிசையில் இருந்த ஆசானிடம் போனார்.

ஆசான் மேலூர்க்காரர். ஐப்பசி வெள்ளம் கீழ்க்காலனியில் பதினோரு பேரை வாரிக்கொண்டு போன பிறகு, இந்த அணை கேட்டுப் பதினான்கு வருஷம் லத்தியடி வாங்கியவர். அவர் பின்னால் கொடி பிடித்து நடந்த சீடர்தான் பூவுலிங்கம். இப்போது மேலூர்க் கமிட்டித் தலைவர்.

"ஆசானே, நாளைக்குக் கிடாவெட்டு. அதிகாரிங்களும் வர்றாங்க. முதல் தேங்காய் நீங்கதான் உடைக்கணும்."

"ஏரி நிரம்பினாத்தானே கிடா வெட்டுவோம், பூவு?"

"நிரம்பின பிறகு ஏரி என்ன, அணை என்ன?"

"இது எப்படி நிரம்புச்சு? அடியில கதவில்லாத வாய் ஒண்ணு வச்சுக் கட்டினாங்களே."

பூவுலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

"வந்த தண்ணியெல்லாம் அது வழியா ஓடிப் போச்சு. அணை கட்டியும் ஊர் காய்ஞ்சு கிடந்தா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? மணல்மூட்டை போட்டு, வைக்கோலும் களிமண்ணும் திணிச்சு உள்பக்கமா அடைச்சுட்டோம். ஒரு சொட்டு கசியல."

ஆசான் மலையைப் பார்த்தார். உச்சி தெரியவில்லை. மேகம் கருகருவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"வெள்ளம் வர்ற அன்னிக்கு அணை வெறும் வயித்தோட கிடக்கணும்னுதான் இதைக் கேட்டு வாங்கினோம். அங்க இப்பக் கொட்டுற தண்ணிய எங்க நிறுத்துவ?"

"கரை தாங்கும் ஆசானே. சும்மா பயப்படாதீங்க."

"சரி. நாளைக்குப் பந்தியைக் கீழ்க்காலனியில போடு. உன் பேரப்பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா."

"அங்கேயா? மழை இருட்டிக்கிட்டு வருது. சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு..."

பூவுலிங்கம் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆசான் எழுந்தார். கிடாவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். அது மாலையோடு மேயப் போனது. கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினார்.

பூவுலிங்கம் பின்னாலேயே ஓடினார்.

"ஆசானே, அடைப்பு விட்டா ஆளையே உள்ள உறிஞ்சிடும்!"

"தெரியும்."

"எழுபது வயசுல இது என்ன பிடிவாதம்? பொறுங்க. காலனியில முங்குநீச்சல் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒருத்தனைக் கூப்பிட்டு இறக்கிடுறேன்."

ஆசான் நின்றார். முதல் துளி அவர் மொட்டைத்தலையில் விழுந்தது. கயிற்றின் மறுமுனையைப் பூவுலிங்கத்தின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"போன தடவை பதினோரு பேரையும் கீழ இருந்தே கொடுத்துட்டோம், பூவு. இந்தத் தடவை மேலூர்ல இருந்து போகட்டும்."