பிலின்னாவைத் தாண்டிப் போனவன்

“உங்கள் ஏணி பொய்!” என்று கத்திக்கொண்டே தெரோன் முற்றத்துக்குள் நுழைந்தான்.

பண்டைய கிரேக்கத் துறைமுக நகரமான மிலேட்டஸில் அர்கிப்பேயின் பள்ளியை அறியாதவர் இல்லை. காதலே ஞானத்துக்கு வழி என்று அவள் கற்பித்துவந்தாள். முதலில் ஒரு முகத்தின் அழகு. பிறகு எல்லா முகங்களின் அழகு. அப்புறம் உள்ளத்தின் அழகு, அறிவின் அழகு. கடைசியில் முகமே இல்லாத அழகு. ஒவ்வொன்றும் அந்த ஏணியில் ஒரு படி.

தெரோன் அவளைவிட மூத்தவன். மதுக் கோப்பைகளுக்குச் சித்திரம் தீட்டுகிறவன். தாடி நரைத்த பிறகு மாணவனாக வந்து சேர்ந்தான்.

அர்கிப்பே அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“எந்தப் படி உடைந்தது?”

“எதுவும் உடையவில்லை. எல்லாப் படியும் ஏறிவிட்டேன். உச்சியில் நிற்கிறேன். அங்கே நின்றுகொண்டுதான் இன்று காலை பட்டறையில் இருந்த கோப்பைகளை எல்லாம் போட்டு உடைத்தேன். ஞானி செய்கிற காரியமா அது?”

“இல்லை. யார் மேல் கோபம்?”

“என் மனைவி பிலின்னா மேல். பிறந்த வீட்டுக்கே போகிறாளாம். அவள் அண்ணன் தீவிலிருந்து படகோடு வந்துவிட்டான். அவள் நெய்கிற தறியைக் கழற்றிப் படகில் ஏற்றியாகிவிட்டது. காற்று எழும்பியதும் கிளம்பிவிடுவார்கள்.”

“என்ன செய்தாய்?”

“நானா? நான் என்ன செய்தேன்!”

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை தீட்டுகிறவன், தன் மனதுக்குப் பிடித்தவரின் பெயரை ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ‘அழகு’ என்று எழுதுவான். தெரோன் கைபட்ட கோப்பையில் எல்லாம் ‘பிலின்னா அழகு’ என்றுதான் இருக்கும். “மதுவைவிட உன் பெண்டாட்டி பெயரைத்தான் அதிகம் குடித்திருக்கிறோம்” என்று விருந்துகளில் அவனைக் கேலி செய்வார்கள்.

“போன மாதம் பெயர் எழுதுவதை நிறுத்தினேன்” என்றான் தெரோன். “வெறும் ‘அழகு’ என்று மட்டும் எழுதினேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ‘பார், உன்னைத் தாண்டி வந்துவிட்டேன்’ என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அம்மா.”

அர்கிப்பேயின் தாடை அசைவது நின்றது.

“அவள் என்ன சொன்னாள்?”

“ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சே இல்லை.”

“ஏன் போகிறாள்?”

“பொறாமை. தத்துவத்தின் மேல் பொறாமை.”

“அவள் சொன்னாளா?”

“சொல்லவேண்டுமா? எழுத்து வாசனை இல்லாதவள். அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது?”

“அவள் சொன்னாளா?”

“அந்த அண்ணன்காரன் தூபம் போட்டிருப்பான். அவன் ஒரு...”

கையிலிருந்த அத்திப்பழத்தை அர்கிப்பே அவன் முகத்தில் எறிந்தாள்.

“ஏன் போகிறாள், தெரோன்?”

அவன் வாயைத் திறந்தான். எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருக்கும். வாதத்தில் அவனை மடக்கியவர் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை. இத்தனை காலம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தவளின் மனதுக்குள் இப்போது கை விட்டுத் துழாவினான். கிடைத்ததெல்லாம் அவனே போட்டுவைத்தவை.

“தெரியாது” என்றான்.

“காதில் விழவில்லை.”

“தெரியாது! எனக்குத் தெரியாது! போதுமா?”

“தெரிந்துகொள்ள ஆசையா?”

“நெஞ்சு எரிகிறது. உங்களுக்குக் கிண்டலாக இருக்கிறது.”

“ஆசையா, இல்லையா?”

“ஆசைதான்! சொல்லித் தொலையுங்கள்!”

“நான் எப்படிச் சொல்வேன்? அவளை நான் பார்த்ததுகூட இல்லை.”

அர்கிப்பே எழுந்தாள்.

“இன்னும் ஏன் இங்கே நிற்கிறாய்?” என்று கேட்டுவிட்டு, அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

தெரோன் துறைமுகத்துக்கு ஓடினான். ஓடும்போதே அவளிடம் சொல்ல நல்ல நல்ல வாதங்கள் தோன்றின. எல்லாம் கூர்மையானவை. எதற்கும் அவளால் பதில் சொல்ல முடியாது. கரையை நெருங்க நெருங்க, அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

படகில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன மாப்பிள்ளை, ஏணி உச்சியில் குளிர் தாங்கவில்லையா? கீழே வந்துவிட்டாய்!”

தெரோன் அவனைப் பார்க்கவில்லை. பிலின்னா கரையில் தன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் போகிறாய்?” என்று கத்தினான். கத்தலாகத் தொடங்கியது, பாதியில் கெஞ்சலாக மாறியது. “எனக்குத் தெரியவில்லை, பிலின்னா. ஏன் போகிறாய்?”



“காற்று எழும்பிவிட்டது” என்றான் அண்ணன்.

“எழும்பட்டும்” என்றாள் பிலின்னா. பிறகு தெரோனுக்கு மணலைக் காட்டினாள்.

“உட்கார். நான் முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.”