பேச்சியம்மா வீட்டுக் கதவும் சார்ஜ் ஏறாத பேட்டரியும்

நெட்டூரணியில யாருக்காவது கதவு மாட்டணும்னா பூவலிங்கம், கொம்பையா, சடையன்னு மூணு அண்ணன் தம்பிகளைத்தான் கூப்பிடுவாங்க. ஏன்னு கேக்காதீங்க. ஊர்ல வேற யார்கிட்டயும் ட்ரில் மிஷின் கிடையாது, அவ்வளவுதான். சொன்னதைச் சொன்னபடியே செய்வாங்கங்கிறதுதான் அவங்க மேல ஊருக்குள்ள இருக்கிற ஒரே புகார்.

அன்னிக்குச் சாயங்காலம் பேச்சியம்மா மக செண்பகத்தைப் பொண்ணு பார்க்க சாத்தூர்லேர்ந்து வேன்ல ஆளுக வர்றாங்க. ஏற்கெனவே வந்த ரெண்டு இடம் தட்டிப்போச்சு. இதுல புதுசா கட்டின பாத்ரூமோட கதவு இன்னும் சுவரோரம் சாஞ்சு கிடக்கு.

"வர்றவுக முதல்ல கேக்கிறதே பாத்ரூம் எங்கேன்னுதான்டா. எம் மானத்தை வாங்கிராதீங்க"ன்னு அந்தம்மா தெருவை எட்டி எட்டிப் பாக்குது.

மூணு பேரும் கதவைத் தூக்கி நிறுத்தி, கீலை வச்சு, ட்ரில்லை அமுக்கினா 'க்ர்ர்'னு ஒரு முனகல். அதோட சரி. பேட்டரியைக் கழட்டிச் சார்ஜர்ல சொருகினா சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியுது, சார்ஜ் ஏறினபாடில்லை.

"யக்காகிட்ட திருப்புளி இருக்கு. ஸ்குரூவைக் கையாலயே முடுக்கிரலாமே அண்ணே"ன்னான் சடையன்.

"கையால முடுக்கினா பேட்டரி எப்படிடா சரியாகும்?"னு பூவலிங்கம் கேட்டான். நியாயம்தான்னு மத்த ரெண்டு பேரும் தலையாட்டினாங்க.

டவுன்ல மிஷின் கடை வச்சிருக்கிற சேவியர் அண்ணாச்சிக்குப் போன் போட்டாங்க. பாவம், நல்ல மனுசன்.

"பிரிச்சுக் கிரிச்சு நோண்டிராதீங்கப்பா, தீப்பிடிச்சுக்கும். சூடா இருக்கா? கொஞ்ச நேரம் நிழல்ல வையுங்க. அப்புறம் பேட்டரி வாயில தெரியிற தகடுகளைக் காஞ்ச துணியால துடைச்சிட்டுச் சார்ஜ் போடுங்க. பச்சை எரிஞ்சா சரியாயிருச்சுன்னு அர்த்தம்."

இதுல குத்தம் சொல்ல என்ன இருக்கு? ஒண்ணுமில்லை. கேட்டது யாருங்கிறதுலதான் வில்லங்கமே.

"வீட்டுக்குள்ளயே வையுங்கடா"ன்னு பேச்சியம்மா சொல்லுச்சு.

"வீட்டுக்குள்ள இருக்கிறது நிழலாக்கா? நிழல்னா பக்கத்துல வெயில் இருக்கணும்"னு கொம்பையா விளக்கினான்.

தெருவுல கரண்டுக் கம்பத்து நிழல்ல பேட்டரியை வச்சாங்க. நிழல் நகர நகர பேட்டரியும் நகர்ந்துச்சு. எதிர்வீட்டுக் கோலத்தைத் தாண்டி, படுத்துக் கிடந்த நாய் முதுகுல நிழல் ஏறிச்சு. கொம்பையா பேட்டரியையும் அங்கேயே ஏத்தினான். நாய்க்கு அதுல சம்மதமில்லை. அவன் கடி வாங்கினதும், பேட்டரி ஆறிருச்சுன்னு முடிவு பண்ணாங்க.

பேச்சியம்மா ஓடிப்போய்ப் புதுத் துண்டு ஒண்ணு கொண்டாந்துச்சு.

பூவலிங்கம் அதைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது காஞ்ச துணி இல்லக்கா, நனையாத துணி. நனைஞ்சாத்தானே காய முடியும்?"

துண்டை நனைச்சு, பிழிஞ்சு, கொடியில போட்டு, அது காயிற வரைக்கும் மூணு பேரும் அதுக்குக் கீழயே உக்காந்திருந்தாங்க. அப்புறம்தான் தகட்டைத் துடைச்சுச் சார்ஜ் போட்டாங்க.

என்ன ஆச்சுன்னு நினைக்கிறீங்க? பச்சை எரிஞ்சிருச்சு! சத்தியமா நானே நம்பலை. பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டு பஜ்ஜி போட அடுப்படிக்குப் போயிருச்சு.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி போன் பண்ணார். "ஏறிருச்சா? ரொம்ப நல்லது. ஒரு தடவை சார்ஜ் தீர்ற வரைக்கும் ஓட்டிட்டு, திரும்ப முழுசா ஏத்திருங்கப்பா."

பேச்சியம்மா பஜ்ஜி போடப் போட, வெளியே ட்ரில் விர்ர்ருனு ஓடுது. ஆஹா, வேலை மும்முரமா நடக்குதுன்னு அதுக்குச் சந்தோசம். கடைசி பஜ்ஜியை எடுத்துட்டு வந்து பார்த்தா, கதவு அதே சுவரோரம். நடு முற்றத்துல மூணு பேரும் மாத்தி மாத்தி ஆகாசத்துல ட்ரில்லை ஓட்டிக்கிட்டிருக்காங்க. பேச்சியம்மா கண்ணு முன்னாடியே அது முக்கி முனகி நின்னுருச்சு.

"அட பாவிகளா! அதை ஸ்குரூ முடுக்கித் தீர்க்கக் கூடாதா?"

"ஓட்டத்தானக்கா சொன்னாரு, முடுக்கச் சொல்லலியே!"

தெருமுனையில வேன் ஹாரன் கேட்டுச்சு. பேச்சியம்மாவுக்கு அழுகையே வந்துருச்சு. "ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்கடா. வாயைத் திறந்தீங்க, கொன்னுருவேன்!"

மாப்பிள்ளையோட அப்பா பெருமாள்சாமி வேனை விட்டு இறங்கினதும் கேட்டதே பாத்ரூம்தான். அவர் பாத்ரூம்கிட்ட வந்ததும் மூணு பேரும் கதவைத் தூக்கி வழிவிட்டாங்க. உள்ளே நுழைஞ்சதும் பொருத்திப் பிடிச்சாங்க. அவர் உள்ளேர்ந்து இருமினதும் மறுபடி தூக்கி விலகினாங்க. மனுசன் முகமெல்லாம் பல்லா வெளியே வந்தார்.

"பொண்ணு பார்க்கப் போன எந்த வீட்லயும் இப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லம்மா. கதவுக்கே மூணு ஆளு! பொண்ணை இனிமேதான் பார்க்கணும், ஆனா எங்களுக்கு இப்பவே பிடிச்சிருக்கு. தம்பிகளா, வெள்ளிக்கிழமை எங்க வீட்ல நிச்சயம். நீங்களும் வந்து இதே மாதிரி நிக்கணும்."

பேச்சியம்மாவுக்குத் தலைகால் புரியலை. சிரிச்சு, அழுது, எல்லாருக்கும் பஜ்ஜி கொடுத்து, வேனை வழியனுப்ப வாசலுக்கு வந்தா, வேன் மேல கதவு கிடக்கு. கதவு மேல மூணு பேரும் உக்காந்திருக்காங்க.

"டேய், கதவை எங்கடா கொண்டு போறீங்க?"

"இதே மாதிரி வந்து நிக்கச் சொன்னாருல்லக்கா? கதவில்லாம எப்படி நிக்கிறது?"

"அப்ப எம் பாத்ரூமுக்கு?"

வேன் கிளம்பிருச்சு. கொம்பையா குனிஞ்சு ரொம்பப் பொறுப்பாச் சொன்னான்: "அவசரம்னா பஸ் ஏறிச் சாத்தூர் வந்துரு யக்கா. கதவை நாங்க பிடிச்சுக்கிறோம்."