இரண்டாவது சிப்

சுடர்மதி திருச்சி பாலக்கரையில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் கற்றவர்கள் இருவர். மூத்தவர் பெர்னதெத், ஒரு காலத்தில் சுடர்மதிக்கே கல்லூரியில் கணிதம் நடத்தியவர், விருப்ப ஓய்வு பெற்று, மாணவியிடம் மாணவியாக வந்து சேர்ந்தவர். அவருக்கு ஆறு மாதம் பின்னால் வந்தவன் இர்ஃபான். வேலை செய்யும்போது விசிலடிப்பான். பெர்னதெத்துக்கு அந்த விசில் பிடிக்காது. அது சுருதி பிசகாமல் இருப்பது இன்னும் பிடிக்காது.

சுடர்மதி ஆறு மாதம் வெளியூரில் தங்க வேண்டியிருந்தது. பட்டறைச் சாவியை இருவரில் ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டும். அந்த ஒருவர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் பெர்னதெத்துக்கு ஐயமில்லை. அது அவனாக இருந்துவிடலாம் என்பதில் உறக்கமும் இல்லை.

திங்கட்கிழமை சுடர்மதி ஒரு கார் பந்தய விளையாட்டின் கேசட்டை அவர் மேசையில் வைத்தாள்.

"இதோட ஃபைல் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு மிஸ். எமுலேட்டர்ல ஓட வையுங்க. வியாழக்கிழமை சாவியைப் பத்திப் பேசலாம்."

எமுலேட்டர் என்பது கணினியைப் பழைய விளையாட்டுப் பெட்டியாக நடிக்கவைக்கும் மென்பொருள். பெர்னதெத்தின் கணினி தலைப்புப் பாடல்வரை ஒழுங்காக நடித்தது. பந்தயம் தொடங்கியதும் திரை கறுத்தது. இசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் எமுலேட்டரை நீக்கி மறுபடி நிறுவினார். வேறு இரண்டை இறக்கிப் பார்த்தார். திரை அமைப்பை மாற்றினார், ஒலி அமைப்பை மாற்றினார், செய்த ஒவ்வொன்றையும் நோட்டில் எண் போட்டு எழுதினார். முப்பத்தொன்பது எண்கள். இர்ஃபான் டீ குடிக்கப் போன நேரத்தில் அவனுடைய விளையாட்டு ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துவந்து தன்னுடையதோடு ஒப்பிட்டார். ஒரு பைட்கூட வேறுபடவில்லை. ஆனால் அவன் கணினியில் கார் வளைவில் திரும்பியது. அவருடையதில் இருட்டு.

வியாழக்கிழமை காலை அவர் சுடர்மதியின் முன்னால் வந்து நின்றார்.

"அவனுக்கு மட்டும் என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க சுடர். அதே ஃபைல், அதே எமுலேட்டர். அவன் தொட்டா ஓடுது, நான் தொட்டா ஓடல. என்கிட்ட இல்லாத ஒண்ணு அவன்கிட்ட இருக்கு."

"இருக்கு."

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்த பெர்னதெத், அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"உங்க நோட்டைப் பாத்தேன் மிஸ். முப்பத்தொன்பது. அதுல இர்ஃபான்கிட்ட கேட்டதா ஒண்ணும் இல்லையே."

"அவன்கிட்டயா? 'பெர்னி அக்கா, இது ரொம்ப சிம்பிள்'னு ஆரம்பிப்பான். அதைக் கேக்குறதுக்கு இந்த இருட்டையே பாத்துக்கிட்டு இருந்துடலாம்."

சுடர்மதி ஒரு திருப்புளியை நீட்டினாள்.

"கேசட்டைத் திறங்க."

பெர்னதெத் திறந்தார். பச்சைப் பலகையில் இரண்டு சிப்கள்.

"பெருசு?" என்று கேட்டாள் சுடர்மதி.

"அதுலதான் விளையாட்டு இருக்கு. அதைத்தான் ஃபைலா எடுத்து வெச்சிருக்கோம்."

"சின்னது?"

பெர்னதெத் குனிந்து எண்ணைப் படித்தார்.

"கணக்குப் போடுற சிப். ரோடு வளையுறதுக்கான கணக்கைப் பெட்டியால அவ்வளவு வேகமாப் போட முடியாது. இதுகிட்ட கேட்டு வாங்கிக்கும்."

"பதில் வரலேன்னா?"

"காத்துக்கிட்டே இருக்கும்." அவர் குரல் இறங்கியது. "இருட்டு."

"அந்தச் சின்னதுக்குள்ள இருக்கிறது விளையாட்டு ஃபைல்ல வராது. தனி ஃபைல். எட்டு கிலோபைட். போன வருஷம் இர்ஃபான் நாலு நாள் உக்காந்து எடுத்தான். மூணு கம்ப்யூட்டர்லயும் நான்தான் போட்டேன். அவன் பேர்ல ஒரு ஃபோல்டர்."

பெர்னதெத் கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபோல்டரை நான் டெலீட் பண்ணிட்டேன்."

"திறந்து பாத்துட்டா?"

"இல்ல. அவன் பேர் என் ஸ்கிரீன்ல எதுக்குன்னு..."

"ரீசைக்கிள் பின்ல இருக்கும்."

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"சுத்தமா பண்ணியிருக்கீங்க," என்றாள் சுடர்மதி.

பெர்னதெத் இர்ஃபானின் மேசைக்கு நடந்தார். பன்னிரண்டு அடி தூரம். போய்ச் சேர நேரமாயிற்று.

"இர்ஃபான், அந்த எட்டு கிலோபைட் ஃபைல் எனக்கு வேணும்."

விசில் நின்றது. அவன் நாற்காலியோடு திரும்பினான்.

"பெர்னி அக்கா, இது ரொம்ப சிம்பிள்," என்று ஆரம்பித்தான்.

கால் மணி நேரம் பேசினான். அதில் தேவையானது இரண்டு நிமிடம். பெர்னதெத் நடுவில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டார்.

அவருடைய திரையில் சாலை வளைந்தது, கார் திரும்பியது. அவர் சுடர்மதியிடம் போனார்.

"ஓடுது."

"சந்தோஷம்."

"அவனாலதான் ஓடுது. அப்போ சாவி அவனுக்குத்தானே?"

"அவன் திங்கட்கிழமையே வேண்டாம்னுட்டான் மிஸ். 'ஒன்பது மணிக்கு வந்து ஷட்டர் தூக்கறதெல்லாம் என்னால ஆகாது, அக்காகிட்டயே குடுங்க, அவங்கதான் நேரத்துக்கு வருவாங்க'ன்னான்."

இர்ஃபானின் மேசையில் விசில் மறுபடி தொடங்கியது. பெர்னதெத் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அப்புறம் எதுக்கு எனக்கு இந்த மூணு நாள்?"

சுடர்மதி சாவிக்கொத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஷட்டரின் நீளச் சாவியோடு இன்னொரு சின்னச் சாவியும் அதில் இருந்தது.

"குடுத்துடலாம்னுதான் அன்னிக்கே உங்க மேசைக்கு வந்தேன். நீங்க இல்ல. கம்ப்யூட்டர் திறந்திருந்துச்சு. அவன் ஃபோல்டரைக் காணோம்." அவள் சின்னச் சாவியை விரலால் தனியே பிரித்து வைத்தாள். "இது அவன் டிராயரோடது. இதையும் உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போகணும்."