தவிட்டுக்குருவிகள் அட்ஜஸ்ட் பண்ணிய கதை

பறவைகளும் நம்மைப் போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவார ஊரில் கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். காகம், மைனா, கிளி, மணிப்புறா, ஏழு தவிட்டுக்குருவிகள் என்று அதில் குடித்தனக்காரர்கள் ஏராளம். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கவனிக்காத பாடத்தையெல்லாம் மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கவனித்தார்கள்.

ஒரு நாள் சிஸ்டர் பிலோமின் கரும்பலகையில் ‘அட்ஜஸ்ட்’ என்ற வினைச்சொல்லை எழுதி, "வீட்டில் புழங்குகிற மாதிரி ஐந்து வாக்கியம் எழுதுங்கள்" என்றார். பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மரத்துக்காரர்கள் சொல்லைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து மரத்தில் அதே பேச்சுதான். காகம் அணிலிடமிருந்து ரொட்டித் துண்டைப் பிடுங்கியது. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்றது. மைனா தன் வைக்கோல், நூல், குப்பை எல்லாவற்றையும் கிளியின் பொந்துக்குள் திணித்துவிட்டு, "ரெண்டே நாள், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அக்கா" என்றது. இரண்டு மாதம் ஆயிற்று. கிளி மட்டும் இளைத்ததா என்ன? மைனாவின் குப்பையை அப்படியே புறாவின் கூட்டுக்கு மேல் தள்ளிவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னது. ஆனால் உச்சரிப்பு, அடடா, வெள்ளைக்காரி தோற்றாள்.

தவிட்டுக்குருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மண் நிறம். சீப்பையே பார்க்காத தலை. கரகரவென்று தொண்டை. ஒருத்தி வாய் திறந்தால் ஏழு பேரும் திறப்பார்கள். மூத்தவள் சவுரியம்மாவுக்கு அந்தச் சொல் எத்தனை முயன்றும் ‘அஜீஸ்’ என்றுதான் வந்தது.

கிளி சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து விழப் பார்த்தது. "சவுரியம்மா, இன்னொரு தடவை சொல்லு கேட்போம்."

"அஜீஸ்."

"கஷ்டம்டி! இதை வச்சு ஒரு வாக்கியமாவது சொல்லத் தெரியுமா உனக்கு?"

"தேவைப்படுறப்போ சொல்லிக்கிறேன். இப்போ புழு பொறுக்கணும், தள்ளு" என்று போய்விட்டாள் சவுரியம்மா.

ஐப்பசி அடைமழை பிடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் தூங்குமூஞ்சி மரம் பாதியாகப் பிளந்து விழுந்தது. கூடும் போயிற்று, பொந்தும் போயிற்று. எல்லோரும் பள்ளிச் சமையலறையின் தாழ்வாரத்துக்குள் புகுந்தார்கள். அங்கே ஓட்டுக்கு அடியில் துணி உலர்த்துகிற மூங்கில் கழி ஒன்று தொங்கியது. நடுவில் காய்ந்திருந்தது. இரண்டு நுனியிலும் சாரல் சுளீர் சுளீரென்று அடித்தது. காகமும் மைனாவும் கிளியும் முதலில் வந்து, ஆளுக்கு ஒரு முழம் இடம் விட்டுச் சிறகை விரித்து உட்கார்ந்தார்கள். மிச்ச இடத்தில் தவிட்டுக்குருவிகள்.

கடைசியாக மணிப்புறா வந்தாள். கூடவே, பறக்கப் பழகி இரண்டே நாள் ஆன அவள் குஞ்சு. தொப்பலாக நனைந்து, தாழ்வாரத்துத் தரையில் ஓடுகிற தண்ணீரில் நின்று நடுங்கியது.

"நான் வெளியில நின்னுக்கறேன். பிள்ளைக்கு மட்டும் ஒரு இடம் கொடுங்க. குளிர்ல கண்ணு சொருகுது அதுக்கு" என்று கெஞ்சினாள் புறா.

காகம் மைனாவைப் பார்த்தது. "மைனா, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்."

மைனா கிளியைப் பார்த்தது. "அக்கா, உங்களுக்குத்தான் வால் நீளம். நீங்க அட்ஜஸ்ட் பண்ணினா எல்லாம் சரியாயிடும்."

கிளி மூக்கால் அந்தப் பக்கம் காட்டியது. "அதோ ஏழு பேர் இருக்காங்களே, அவங்க அட்ஜஸ்ட் பண்ணட்டும்."

மூன்று வாக்கியத்திலும் ஒரு பிழை கிடையாது. சிஸ்டர் பிலோமின் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். ஒரு நகம் நகர வேண்டுமே! குஞ்சு தள்ளாடிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

சவுரியம்மா தங்கைகளுக்கு நடுவில், நல்ல காய்ந்த இடத்தில் இருந்தாள். எழுந்தாள். ஒவ்வொருத்தி முதுகாகத் தாண்டி, கழியின் நுனிக்குப் போய், அடிக்கிற சாரலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அடியே, கொஞ்சம் அஜீஸ் பண்ணுங்கடி."

"நனையுறியே அக்கா!" என்றாள் கடைக்குட்டி.

"நனைஞ்சா காயும். பிள்ளையைத் தூக்குங்க முதல்ல."

ஆறு பேரும் தோளோடு தோள் இடித்து நெருக்கினார்கள். நடுவில் குஞ்சுக்கும் தாய்க்கும் இடம் வந்தது. இரண்டு பேர் கீழே பறந்து குஞ்சைத் தள்ளிக் கொத்தி மேலே ஏற்றினார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர் சூடு, அந்தப் பக்கம் மூன்று பேர் சூடு. சற்று நேரத்தில் கடைக்குட்டி எழுந்து வந்து, "நீ உள்ளே போ, இனிமே ஓரம் எனக்கு" என்றாள். பிறகு அவளை இன்னொருத்தி உள்ளே அனுப்பினாள். மழை விடும்வரை முதுகு மேல் முதுகாகத் தாண்டி, ஒருத்தியும் முழுக்க நனையாமல், ஒருத்தியும் முழுக்கக் காயாமல் அந்த ஏழு பேரும் சமாளித்தார்கள்.

சமையலறை ஜன்னலைச் சாத்த வந்த சிஸ்டர் பிலோமின் அதைப் பார்த்தார். சத்தம் வராமல் கதவை ஒருக்களித்துவிட்டு, அங்கேயே நின்றார்.

விடியும்போது குஞ்சு கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றது.

கிளிக்கு மட்டும் தாங்கவில்லை. "ஆனாலும் சவுரியம்மா, உனக்கு இன்னும் அந்தச் சொல் வாயில நுழையலையே?"

"வாயில நுழையலைதான்" என்று இறகை உதறினாள் சவுரியம்மா. "உடம்புல நுழைஞ்சிடுச்சு."

அந்த மழைக்குப் பிறகுதான் தவிட்டுக்குருவிகள் எங்கே போனாலும் இடைவெளி விடாமல், ஒட்டி ஒட்டி, குஞ்சை நடுவில் வைத்து வரிசையாக உட்காருகின்றன. அந்தி நேரத்தில் அவை போடுகிற கூச்சலைக் கேட்டு, இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன என்று நாம் நினைக்கிறோம். இல்லை. இன்றைக்கு ஓரம் யாருக்கு என்பதுதான் அங்கே சண்டை.